அகன்ற டயரும் தாழ்ந்த காரும்: ஓர் இயற்பியல் பார்வை

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

"உராய்வு விசை தொடுபரப்பின் அளவைச் சார்ந்ததன்று." இவ்விதியை நாம் அனைவரும் மனப்பாடம் செய்து, தேர்விலும் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆனால் பந்தயக் கார்களின் படங்களைப் பார்க்கும்போது ஓர் ஐயம் எழுகிறது. அவற்றின் பின்சக்கரங்களில் ஒரு முழ அகலத்திற்கு டயர் மாட்டியிருக்கிறார்களே, அது எதற்காக? பரப்பினால் பயனில்லை என்றால் அவ்வளவு பொருட்செலவு வீண்தானே?

இந்த ஐயத்திற்கு விடை காண ஏற்றதொரு வண்டி அமெரிக்காவின் 'மசில் கார்' ஆகும். 1960களில் உருவான இக்கார்களை இன்றும் பலர் பேணி வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு இரண்டு ஆசைகள் உண்டு. காரின் உடலைத் தரையை நோக்கித் தாழ்த்த வேண்டும்; பின்சக்கரங்களில் அகன்ற டயர் மாட்ட வேண்டும். இரண்டும் தனித்தனியே நல்ல ஆசைகளே. ஆனால் இரண்டும் ஒரே இடத்தைக் கேட்கின்றன. அந்த இடம் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அளக்காமல் டயர் வாங்குவோர் பணத்தை மட்டுமன்றி உயிரையும் பணயம் வைக்கின்றனர். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மசில் கார் தோன்றிய வரலாறு

நடுத்தர அளவுள்ள காரில் பெரிய காரின் எஞ்சினைப் பொருத்தினால் கிடைப்பதே மசில் கார். 1964ஆம் ஆண்டு வெளிவந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகையைப் புகழ்பெறச் செய்தது. அதன் எஞ்சின் 389 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர் கொள்ளளவு உடையது. 325 குதிரைத்திறன் தந்தது. அதே 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங்கும், 1966 செப்டம்பரில் செவ்ரோலே கமாரோவும் வந்தன. இளைஞர்களைக் கவர்ந்த இப்போட்டி 1970 வாக்கில் உச்சத்தை எட்டியது. அதன்பின் ஏறிய காப்பீட்டுக் கட்டணமும், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அதை முடித்து வைத்தன.

எஞ்சின் வளர்ந்த அளவிற்கு டயர் வளரவில்லை. அக்காலத்து டயர்கள் குறுகலானவை. சக்கர ரிம்மின் அகலமும் பெரும்பாலும் 6 அங்குலம் அளவில்தான் இருந்தது. உடலின் தகட்டை வடிவமைத்தவர்கள் அந்தக் குறுகிய டயருக்கு ஏற்றவாறே சக்கரக் கூட்டையும் அமைத்தனர். இன்றைய சிக்கலின் வேர் இதுவே.

எஞ்சின் தரும் விசையும் தரை ஏற்கும் விசையும்

ஒரு கணக்கைப் பார்ப்போம். கமாரோ போன்றதொரு காரின் நிறை 1500 கிலோகிராம் என்றும், அதில் 45 விழுக்காடு பின்சக்கரங்களின்மேல் இருப்பதாகவும் கொள்வோம். பின்சக்கரங்களின் சுமை சுமார் 6620 நியூட்டன்.

எஞ்சினின் முறுக்கு விசை 475 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 2.52 மடங்கு, பின் அச்சின் பற்சக்கரம் 3.73 மடங்கு, சக்கர ஆரம் 0.33 மீட்டர் என்போம். இழப்புகளை ஒதுக்கிவிட்டால் டயர் தரையை உந்தும் விசை சுமார் 13,500 நியூட்டன் ஆகிறது.

தரை எவ்வளவு ஏற்கும்? கார் முன்னோக்கி முடுக்கம் பெறும்போது அதன் முன்பகுதி எழும்பிப் பின்பகுதி அமிழ்வதை நாம் கண்டிருக்கிறோம். முன்சக்கரத்தின் சுமையில் ஒரு பகுதி பின்னுக்கு மாறுகிறது. மாறும் சுமை என்பது உந்து விசையைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் பெருக்கி, முன்பின் அச்சுகளுக்கு இடையிலுள்ள தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. உயரம் 0.5 மீட்டர், தூரம் கமாரோவுக்குரிய 108 அங்குலம் (2.74 மீட்டர்), உராய்வுக் குணகம் 0.9 எனக் கொண்டால், தரை ஏற்கக்கூடிய பெரும விசை சுமார் 7,130 நியூட்டன்.

எஞ்சின் தருவது 13,500. தரை ஏற்பது 7,130. மீதி எங்கே போகிறது? டயர் வழுக்கிச் சுழல்வதில்தான் போகிறது. புகை எழும், வண்டி நகராது. எனவேதான் நல்ல பிடிப்புள்ள டயரை நாடுகின்றனர்.

இங்கே மற்றோர் உண்மையும் புலப்படுகிறது. உடலை 50 மில்லிமீட்டர் தாழ்த்தினால் புவியீர்ப்பு மையத்தின் உயரம் 0.45 மீட்டர் ஆகும். அப்போது பின்னுக்கு மாறும் சுமை குறைகிறது. தரை ஏற்கும் விசையும் சுமார் 6,990 நியூட்டனாகக் குறைகிறது. ஆக, தாழ்த்துவது வளைவுகளில் காரை நிலைபெறச் செய்யுமேயன்றி, நேர்கோட்டில் பாயும் வேகத்தைக் கூட்டாது. சிறிதளவு குறைக்கவே செய்யும்.

விதியும் விலக்கும்

1699ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் அமோண்டன்ஸ் கூறிய உராய்வு விதி மரம், இரும்பு போன்ற கடினமான பொருள்களுக்குப் பெரிதும் பொருந்துகிறது. ரப்பரோ மென்மையானது. தரையிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அது அமிழ்ந்து பற்றுகிறது. அழுத்தம் மிகுதியானால் ரப்பரின் உராய்வுக் குணகம் குறைகிறது. அழுத்தம் பரவினால் கூடுகிறது. ஆகையால் ரப்பருக்குப் பரப்பு பயன் தருகிறது.

ஆனால் அகன்ற டயர் மாட்டினால் மட்டும் தொடுபரப்பு கூடிவிடும் என்று எண்ணுதல் தவறு. தொடுபரப்பு என்பது தோராயமாகச் சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவது. ஒரு பின்சக்கரத்தின் சுமை 3,310 நியூட்டன். காற்றழுத்தம் 180 கிலோபாஸ்கல் (சுமார் 26 பவுண்டு) எனில் பரப்பு ஏறத்தாழ 184 சதுர சென்டிமீட்டர். டயர் குறுகலாயினும் அகலமாயினும் இதுதான். குறுகிய டயரில் அந்தப் பரப்பு நீளவாட்டிலும், அகன்ற டயரில் குறுக்குவாட்டிலும் அமையும், அவ்வளவே.

அப்படியானால் அகலத்தின் பயன் யாது? முதலாவதாக, அகன்ற டயருக்குள் காற்றின் கொள்ளளவு மிகுதி. ஆகவே அதே சுமையைக் குறைந்த அழுத்தத்தில் தாங்கும். பந்தயத் தடத்தில் அழுத்தத்தை 125 கிலோபாஸ்கலாகக் குறைத்தால் தொடுபரப்பு 265 சதுர சென்டிமீட்டராக உயர்கிறது. இரண்டாவதாக, வழுக்கும்போது பிறக்கும் வெப்பம் அதிக ரப்பரில் பரவுவதால் மென்மையான ரப்பரைப் பயன்படுத்த முடிகிறது. மூன்றாவதாக, குறுக்குவாட்டில் அகன்ற தொடுபரப்பு வளைவுகளில் விரைந்து பற்றும்.

டயரின் பக்கவாட்டில் எழுதியுள்ள எண்கள்

டயரின் பக்கச் சுவரில் 235/60 ஆர் 15 என்பதுபோல் எழுதியிருக்கும். 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இம்மூன்றையும் கொண்டு டயரின் விட்டத்தைக் கணக்கிடலாம்.

பக்கச் சுவர்: 235-இல் 60 விழுக்காடு 141 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக 282. ரிம் 381 மில்லிமீட்டர். ஆக மொத்த விட்டம் 663 மில்லிமீட்டர்.

இப்போது அகலத்தை மட்டும் கூட்டி 275/60 ஆர் 15 மாட்டுவோம். பக்கச் சுவர் 165; மொத்த விட்டம் 711 மில்லிமீட்டர். நாம் கேட்டது அகலம். கூடவே 48 மில்லிமீட்டர் உயரமும் வந்துவிட்டது. 60 என்பது அகலத்தின் விழுக்காடு என்பதை மறந்தால் நேரும் விளைவு இது. மாறாக 275/50 ஆர் 15 எடுத்தால் விட்டம் 656 மில்லிமீட்டர். ஏறத்தாழ பழைய அளவே.

உயரம் கூடினால் வேறு இழப்புகளும் உண்டு. ஆரம் பெரிதாவதால் உந்து விசை சுமார் 7 விழுக்காடு குறைகிறது. வேகமானி 60 மைல் காட்டும்போது கார் உண்மையில் 64 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

தாழ்த்தினால் நேர்வது என்ன?

கமாரோவின் பின் அச்சு, நம் லாரிப் பட்டறைகளில் கமான் பட்டை என்று வழங்கும் பட்டைச் சுருளின் மேல் அமர்ந்திருக்கிறது. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டையைச் செருகினால் அச்சு உடலை நோக்கி மேலேறும். உடல் தரையை நோக்கி இறங்கும். கட்டையின் கனம் 50 மில்லிமீட்டர் எனில் தாழ்வும் 50 மில்லிமீட்டர். வளைவு குறைந்த பட்டைகளை மாற்றியும் தாழ்த்தலாம். பட்டையை நெருப்பில் காய்ச்சித் தாழ்த்துவதும் உண்டு. எஃகின் பதம் கெட்டுவிடும் ஆதலால் அதைச் செய்யலாகாது.

எம்முறையாயினும் முடிவு ஒன்றே. முன்பு பெரிய மேட்டில் ஏறும்போது மட்டும் டயர் சென்ற இடத்தில் இப்போது அது எப்போதும் இருக்கிறது. மட்கார்டின் ஓரத்தில் தகடு உட்புறமாக மடிக்கப்பட்டிருக்கும். கூர்மையான அம்மடிப்பு, டயரின் பக்கச் சுவர் மிகவும் புடைத்திருக்கும் இடத்திற்கு நேரே வந்து நிற்கிறது.

இப்போது இரண்டு ஆசைகளையும் சேர்த்துப் பார்ப்போம். உடலை 50 மில்லிமீட்டர் தாழ்த்தி, 235/60-க்குப் பதில் 275/60 மாட்டுகிறார் ஒருவர். டயரின் ஆரம் 24 மில்லிமீட்டர் கூடுவதால் பின்பகுதி முழுவதும் 24 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் தாழ்வு 26 மில்லிமீட்டர்தான். ஆனால் சக்கரக் கூட்டிற்குள் டயரின் உச்சி எவ்வளவு ஏறியிருக்கிறது? அச்சு ஏறிய 50-உம் ஆரம் கூடிய 24-உம் சேர்ந்து 74 மில்லிமீட்டர்! பெற்றது 26, இழந்தது 74. "தாழ்த்தியது கொஞ்சம்தானே, ஏன் உரசுகிறது?" என்று கேட்போர்க்கு இக்கணக்கே விடை.

சக்கரக் கூட்டின் வரவு செலவு

சக்கரத்தை அச்சோடு சேர்த்து முடுக்கும் முகத்தையே தொடக்கமாகக் கொள்ள வேண்டும். அம்முகத்திலிருந்து உட்புறம் கூட்டின் சுவர் வரை ஒரு தூரம். வெளிப்புறம் மட்கார்டு மடிப்பு வரை ஒரு தூரம். இவ்விரண்டும் வரவு. டயரின் அகலமும் அசைவுக்கு விடும் இடைவெளியும் செலவு.

எடுத்துக்காட்டாக, ஒரு காரில் உட்புறம் 165 மில்லிமீட்டரும் வெளிப்புறம் 150 மில்லிமீட்டரும் இருப்பதாகக் கொள்வோம். இருபுறமும் 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், உள்ளே 145, வெளியே 130, கூட்டினால் 275. ஆகவே 275 அகல டயருக்கு இடம் உண்டு. ஆனால் அதன் நடுக்கோடு முடுக்கும் முகத்திலிருந்து 7.5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்க வேண்டும்.

இதைத் தீர்மானிப்பது டயர் அன்று, சக்கரம். முடுக்கும் முகத்திலிருந்து ரிம்மின் உள் விளிம்பு வரையுள்ள தூரத்தை அமெரிக்கர்கள் 'பேக்ஸ்பேசிங்' என்பர். 8 அங்குல ரிம்மின் வெளி அளவு சுமார் 9 அங்குலம் இருக்கும். முகம் நடுவில் அமைந்தால் பேக்ஸ்பேசிங் 4.5 அங்குலம். மேற்சொன்ன காருக்கு வேண்டியது சுமார் 4.8 அங்குலம். 4.5 உள்ள சக்கரத்தை வாங்கினால் வெளிப்புறம் 12.5 மில்லிமீட்டரே எஞ்சும். 4 அங்குலம் உள்ளதை வாங்கினால் அதே டயர் மடிப்பை ஏறத்தாழத் தொட்டுவிடும். டயர் ஒன்றே; சக்கரம் மாறினால் ஒன்று ஓடும், மற்றொன்று உரசும்.

அசையும் அச்சு

நின்ற நிலையில் அளந்தால் போதுமா? போதாது. இக்கார்களின் பின் அச்சு இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு. ஒரு சக்கரம் மட்டும் 75 மில்லிமீட்டர் மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சாய்கிறது. சக்கரங்களுக்கிடையே தூரம் சுமார் 1500 மில்லிமீட்டர் எனில், சாய்வு 75-ஐ 1500-ஆல் வகுக்க 0.05 ரேடியன். அச்சிலிருந்து 330 மில்லிமீட்டர் உயரத்திலுள்ள டயரின் உச்சி 16.5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்கிறது. ஏறிய சக்கரத்தின் உச்சி உட்புறமாகச் சாயும். மறுபக்கத்து உச்சி வெளிப்புறமாகச் சாயும். வளைவில் திரும்பும்போது பட்டையின் ரப்பர் புஷ்கள் நெகிழ்வதால் மேலும் சில மில்லிமீட்டர் கூடும். நாம் விட்ட 20 மில்லிமீட்டர் மிகையன்று என்பது இதனால் விளங்கும்.

ஒரு நுட்பத்தை இங்கே குறிப்பிட வேண்டும். கமான் பட்டை அச்சோடு பிணைந்திருப்பதால், அச்சுக்கு அருகில் அது அச்சுடனேயே ஏறி இறங்குகிறது. ஆகவே டயருக்கும் பட்டைக்கும் நடுவே சிறிய இடைவெளி போதும். கூட்டின் சுவரோ உடலோடு சேர்ந்தது; அதற்கும் டயருக்கும் நடுவே பெரிய இடைவெளி வேண்டும். 'எங்கும் அரை அங்குலம்' என்று பொதுவாக விதி சொல்வதைவிட, எது எதனோடு அசைகிறது என்று அறிவதே மேல்.

அளக்கும் முறை

முதலில் காரைத் தாழ்த்தி முடிக்க வேண்டும். அதன் பின்னரே டயருக்கு அளக்க வேண்டும். உடலை உறுதியான தாங்கிகளில் நிறுத்திவிட்டு, அச்சை ஜாக்கியால் ரப்பர் தடைக்கட்டை தொடும்வரை உயர்த்த வேண்டும். பட்டையின் விறைப்பு இடம் கொடாவிடில் அதன் தகடுகளிற் சிலவற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு உயர்த்தலாம். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தி அளக்க வேண்டும், அடுத்து மறுபக்கம். பழைய கார்களில் இடமும் வலமும் ஒத்திருப்பதில்லை. எனவே இருபுறமும் தனித்தனியே அளந்து, சிறிய அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றையும் பார்த்தல் வேண்டும்.

தடைக்கட்டை இடிக்கிறது என்று சிலர் அதை அறுத்துவிடுகின்றனர். டயர் தகட்டில் மோதாமல் காக்கும் கடைசிக் காவலன் அதுவே. அதை அறுப்பது வீட்டுக் கதவைக் கழற்றி விற்பதற்கு ஒப்பாகும்.

இடம் போதாவிடில்

இடம் போதாதபோது செய்யக்கூடியவை பல. எளியதிலிருந்து தொடங்குவோம். மட்கார்டின் மடிப்பைத் தட்டித் தகட்டோடு படிய வைத்தால் வெளிப்புறம் சிறிது இடம் கிடைக்கும்; பெயின்ட் வெடிக்காதபடி சூடேற்றி மெல்லச் செய்ய வேண்டும். அடுத்தது, சக்கரக் கூட்டின் உட்சுவரை வெட்டி உள்நோக்கி நகர்த்தி வைப்பது. பட்டைகளையும் உட்புறமாக நகர்த்துவது அதற்கும் அடுத்தது. அச்சையே வெட்டிக் குறுக்குவது இறுதியானது. பின்னிரண்டும் தேர்ந்த பட்டறைக்குரிய வேலைகள்.

1970களில் இளைஞர்கள் இதற்கு நேர்மாறான வழியைக் கையாண்டனர். காற்றடைத்த ஷாக் அப்சார்பரையும் நீண்ட ஷாக்கிள்களையும் மாட்டிப் பின்பகுதியைத் தூக்கிவிட்டு, அடியில் அகன்ற டயரைச் செருகினர். இடம் கிடைத்தது, ஆனால் புவியீர்ப்பு மையம் உயர்ந்து வளைவில் நிலைத்தன்மை போயிற்று. காரின் எடையைச் சுமப்பதற்கென்று அமைக்கப்படாத ஷாக் அப்சார்பர் தாங்கிகளின்மேல் அச்சுமை விழுந்தது.

சக்கரத்தை வெளித்தள்ள இடைத்தகடு வைப்போர், போல்ட்டின் மரை நட்டுக்குள் குறைந்தது போல்ட்டின் விட்டத்தளவு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையேல் நீண்ட போல்ட் மாற்ற வேண்டும். பின்னே மட்டும் அகலத்தைக் கூட்டினால் வளைவில் முன்சக்கரங்கள் முதலில் வழுக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நலம்.

முடிவுரை

டயர் லேசாக உரசுவதைப் பலர் ஓசையளவில் எண்ணி விட்டுவிடுகின்றனர். கூரிய தகடு பக்கச் சுவரைச் சிறிது சிறிதாக அறுக்கும். டயரின் அடிப்பகுதியைப் போலப் பக்கச் சுவர் கனமானதன்று. அது ஒருநாள் வெடிக்கும்; பெரும்பாலும் சுமை மிகுந்த நேரத்தில், அதாவது வேகமும் வளைவும் கூடிய நேரத்தில் வெடிக்கும். பின்சக்கரம் வெடித்தால் வண்டியை வசப்படுத்துதல் அரிது.

அதுபோலவே, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து வந்த ஒரு காரின் தகட்டை வெட்டுவது எளிது. பழையபடி ஆக்குவது கடினம். ஆகவே வெட்டுமுன் கணக்கிட வேண்டும். முதலில் காரின் உயரத்தை முடிவு செய்க. அடுத்து இடத்தை அளந்திடுக. அதற்கேற்ற சக்கரத்தைத் தேர்ந்திடுக. டயரை இறுதியில் வாங்குக. இவ்வரிசையைத் தலைகீழாக்குவதே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம்.

அமோண்டன்ஸின் விதி பொய்யன்று. ரப்பருக்கு அது முழுதும் பொருந்துவதில்லை, அவ்வளவே. எந்த விதியும் எப்பொருளுக்கு, எந்த எல்லைக்குள் பொருந்தும் என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும். மதிப்பெண்ணுக்கு விதி மட்டும் போதும். ஓடும் வண்டிக்கு அதன் எல்லையும் வேண்டும்.